உங்கள் மனநிலை வீட்டுக்குத் தெரியுமா? உணர்ச்சி அறியும் ஸ்மார்ட் வீடு எப்படி இயங்குகிறது, எங்கே இடறுகிறது

2024 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் மின்னணுப் பொருள் கண்காட்சியில் எல்ஜி நிறுவனம் சக்கரக் கால்களுடன் ஒரு சிறிய வீட்டு ரோபோவைக் காட்டியது. வேலை முடிந்து வீடு திரும்புபவரின் குரலையும் முகத்தையும் கவனித்து மனநிலையைக் கண்டுபிடிக்கும், அதற்கேற்ற இசையைத் தேர்ந்தெடுக்கும் என்றார்கள். 'ஆட்களைப் புரிந்துகொள்ளும் வீடு' என்ற பேச்சு அதற்குப் பிறகு விளம்பரங்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. விளக்கு, ஏசி, ஸ்பீக்கர் மூன்றும் நம் மனம் அறிந்து நடக்குமாம்.

இதில் எது பொறியியல், எது விற்பனைப் பேச்சு என்று பிரித்துப் பார்க்க, அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்சார் அளப்பது எதை?

உணர்ச்சியை நேரடியாக அளக்கும் சென்சார் எதுவும் கிடையாது. நடப்பது மூன்று படிகளில்.

1. அறிகுறி. இதயத் துடிப்பு, மூச்சின் வேகம், தோலின் ஈரம், குரலின் ஏற்ற இறக்கம், முகத் தசையின் அசைவு. இவை அளக்கக்கூடியவை.
2. ஊகம். அந்த எண்களைப் பார்த்து, 'இவர் பதற்றமாக இருக்கலாம்' என்று ஒரு மென்பொருள் மாதிரி சொல்லும் கணிப்பு.
3. செயல். விளக்கை மங்கவைப்பது, பாட்டு போடுவது, மகளுக்குச் செய்தி அனுப்புவது.

முதல் படியில் இன்றைய கருவிகள் பரவாயில்லை. மூன்றாவது படி எளிது. பத்து வருடமாக விளக்குகள் செயலி சொன்னபடி கேட்கின்றன. சிக்கலெல்லாம் நடுப்படியில்தான்.

இந்தத் துறைக்கு வித்திட்டவர் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தின் ரோசலிண்ட் பிகார்ட். 1995இல் அவர் எழுதிய ஆய்வறிக்கையும் 1997இல் வந்த புத்தகமும் கணினிக்கு உணர்ச்சியைப் பற்றிய அறிவு வேண்டும் என்று வாதிட்டன. ஆனால் எந்த உணர்ச்சிக் கோட்பாட்டை வைத்துக் கணினிக்குக் கற்பிப்பது என்பதில் உளவியலாளர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை.

ஆறு பெட்டிகளா, இரண்டு அச்சுகளா?

உளவியலாளர் பால் எக்மன் வழிவந்த பார்வைப்படி கோபம், அருவருப்பு, பயம், மகிழ்ச்சி, துக்கம், வியப்பு என்ற ஆறும் அடிப்படை உணர்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் பொதுவான முகபாவம் உண்டு. மென்பொருள்காரர்களுக்கு இது வசதி. ஆறு பெட்டி, ஆறு பெயர்ச்சீட்டு, படத்தைப் பார்த்து ஒரு பெட்டியில் போட்டால் முடிந்தது.

2019இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் நான்கு சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பெரியவர்கள் கோபமாக இருக்கும் நேரத்தில் முகத்தைச் சுளிப்பது சராசரியாக 30 சதவீதத்துக்கும் குறைவு. மீதி நேரம் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கிறார்கள். கோபமே இல்லாமல், கணக்குப் போடும்போதும் வெயில் கண்ணில் படும்போதும் முகம் சுளிப்பதும் உண்டு. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் அஸூர் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. 'உணர்ச்சி' என்பதன் வரையறையிலேயே அறிவியல் ஒருமைப்பாடு இல்லாததை அது ஒரு காரணமாகச் சொன்னது.

இன்னொரு பார்வை, உளவியலாளர் ஜேம்ஸ் ரசல் 1980இல் முன்வைத்த இரண்டு அச்சு வரைபடம். ஒரு அச்சு கிளர்ச்சி: உடல் எவ்வளவு முடுக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று இனிமை–கசப்பு: அந்த நிலை பிடித்ததா, பிடிக்காததா. கோபம் என்பது கிளர்ச்சி அதிகம், கசப்பு. குதூகலம் என்பது கிளர்ச்சி அதிகம், இனிமை. சோர்வான துக்கம் என்றால் கிளர்ச்சி குறைவு, கசப்பு.

வீட்டுக் கருவிகளைப் புரிந்துகொள்ள இந்த வரைபடம் ஒன்றே போதும். ஏனென்றால் உடலில் ஒட்டும் சென்சாரும் ரேடாரும் கிளர்ச்சி அச்சை ஓரளவு நன்றாகவே பிடிக்கும். இனிமை–கசப்பு அச்சில் தடுமாறும். இந்தியா ஜெயிக்கும் கடைசி ஓவரும் பக்கத்து வீட்டுக்காரருடனான தண்ணீர்ச் சண்டையும் இதயத்துக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அளக்கும் வழிகள்

*மணிக்கட்டு.* ஸ்மார்ட் வாட்ச் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் பாயும் ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பைக் கணக்கிடுகிறது. சில பட்டைகள் தோலின் மின்கடத்துத் திறனையும் மைக்ரோசீமன்ஸ் அலகில் அளக்கின்றன. பதறினால் வியர்வைச் சுரப்பிகள் விழிக்கும். தூண்டுதலுக்குப் பின் 1 முதல் 3 நொடிக்குள் அந்த எண் எழும். குளிரூட்டிய ஆய்வகத்தில் இது அழகாக வேலை செய்யும். சென்னையின் மே மாதத்தில் உடலைக் குளிர்விக்கவே வியர்வை ஓடுவதால், பதற்றத்தின் சிறு எழுச்சி அதற்குள் மூழ்கிவிடும். தோசைக்கல் முன் அரை மணி நேரம் நிற்பவருக்குத் துடிப்பும் ஏறும், வியர்வையும் ஏறும். 'மன அழுத்தம்' என்று பட்டை சொன்னால் அது அடுப்பைப் பற்றிய தகவல்.

*குரல்.* மைக்கில் விழும் பேச்சிலிருந்து சுருதி, சத்தம், வேகம், நடுக்கம் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிறார்கள். 2020இல் அமேசான் கொண்டுவந்த ஹேலோ பட்டை, அணிந்தவரின் பேச்சுத் தொனியை 'ஆற்றல்', 'நேர்மறை' என்ற இரண்டு அளவுகளில் மதிப்பிட்டது. பெயர் மாறினாலும் மேலே சொன்ன அதே இரண்டு அச்சுகள்தாம். 2023 ஜூலை 31இல் அந்தச் சேவையே மூடப்பட்டது.

குரல் மாதிரிகளின் பெரிய பலவீனம் அவை பயின்ற பாடப்புத்தகம். அதிகம் பயன்படும் தொகுப்புகளில் ரேவ்டெஸ் என்பது வட அமெரிக்க உச்சரிப்பில் ஆங்கிலம் பேசும் 24 தொழில்முறை நடிகர்களின் பதிவு. பெர்லின் தொகுப்பு 10 ஜெர்மன் நடிகர்களின் பதிவு. நடிகர் கோபத்தைக் கோபம் என்று தெரியும்படி காட்டுவார். வீட்டில் கோபம் பெரும்பாலும் பேச்சு நின்றுபோவதாக வரும். சத்தமாகப் பேசுவதே இயல்பாக உள்ள குடும்பத்தில் இந்த மாதிரிகள் ஓயாத சண்டையைக் கேட்கும். அதோடு, வீட்டில் அதிகம் அழுவதும் கத்துவதும் டிவி. அதன் ஒலியைக் கழித்துவிட்டுக் கேட்கும் ஏற்பாடு இல்லாத மைக், சீரியல் நேரத்தில் நம்பத் தகுந்ததல்ல.

*முகம்.* கேமரா முறையின் அடிப்படைக் குறையை மேலே பார்த்தாயிற்று. ஹாலில் கேமரா மாட்டச் சம்மதிக்கும் வீடுகளும் குறைவு.

*ரேடார்.* தொடாமல், படம் எடுக்காமல் அளப்பதால் இன்று எல்லோரும் பேசுவது இதைத்தான். கூகுளின் இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் என்ற திரைக் கருவி 2021இல் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடாரைத் தலைமாட்டில் வைத்துத் தூக்கத்தை அளந்தது. அந்த அலையின் நீளம் 5 மில்லிமீட்டர். இதயம் துடிக்கும்போது மார்புத் தோல் 0.25 மி.மீ. அசைகிறது என்று வைத்துக்கொள்வோம். அலை போய்த் திரும்பும் தூரம் 0.5 மி.மீ. மாறும், அலைநீளத்தில் அது பத்தில் ஒன்று. திரும்பும் அலையின் கட்டம், அதாவது அலைச் சுழற்சியில் அது இருக்கும் நிலை, 36 டிகிரி நகரும். அந்த நகர்வை மின்னணுச் சுற்று எளிதாகப் பிடித்துவிடும்.

2016இல் டினா கடாபியின் எம்.ஐ.டி. குழு, ரேடியோ அலையால் இதயத் துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளியைப் பிரித்தெடுத்து, நான்கு உணர்ச்சி நிலைகளை 87 சதவீதம் சரியாக வகைப்படுத்தியது. செய்திகளில் அந்த எண்தான் வந்தது. ஆனால் அது, அதே ஆளின் தரவில் முன்பே பயிற்சி பெற்ற மாதிரிக்கு. புதிய ஆளிடம் 72.3 சதவீதம். குருட்டாம்போக்கில் சொன்னாலே 25 கிடைக்கும் என்பதால் 72 நல்ல சாதனைதான். வீட்டை நடத்தப் போதுமா என்பது வேறு கேள்வி.

ரேடாரும் சீலிங் ஃபேனும்

நம் ஊர் வீடுகளில் ரேடார் தோற்கும் இடங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இறக்குமதியாகும் ரேடார் மாட்யூல்களின் (தனியே விற்கும் சிறு ரேடார் பலகைகளின்) கையேடுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1. இறக்கைகள். மூன்று இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 320 சுற்று சுற்றினால், நொடிக்கு 16 இறக்கைகள் ரேடார் முன் கடக்கும். ரேடார் நொடிக்கு 15 முறை மட்டும் அளவு எடுப்பதானால், 16க்கும் 15க்கும் உள்ள வித்தியாசமான 1 ஹெர்ட்ஸ், ஒரு மெதுவான அசைவுபோலத் தெரியும். அது நிமிடத்துக்கு 60. ஆளில்லாத அறையில் சீரான, ஆரோக்கியமான இதயம்!

2. துணி. ஃபேன் காற்றில் திரைச்சீலையும் கொடியில் தொங்கும் துண்டும் மெதுவாக ஆடும். அந்த ஆட்டம் மூச்சின் வேகத்துக்கு மிக அருகில் வரும்.

3. மூச்சே இதயத்தை மறைப்பது. நிமிடத்துக்கு 18 மூச்சு என்றால், அதன் மடங்குகளான 36, 54, 72, 90 ஆகிய இடங்களிலும் சிறு சிறு குறிகள் தோன்றும். மார்பின் மூச்சசைவு துடிப்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரிது என்பதால், நான்காம் மடங்கு 72ஐ மாட்யூல் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். எண் சரியாகத் தோன்றுவதால் பிழை கண்ணில் படாது.

4. இரண்டு பேர். 24 கிகாஹெர்ட்ஸ் மலிவு மாட்யூல்கள் தூரத்தைப் பெரிய துண்டுகளாகத்தான் பிரிக்கும். பரவலாக விற்கும் எல்டி2410இல் ஒரு துண்டு 0.75 மீட்டர். ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவர் அதற்கு ஒரே ஆள். தூரத் துல்லியம் அலைப்பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. 60 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் 4 கிகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பயன்படுத்தினால் 3.75 செ.மீ. வரை பிரிக்கலாம்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை எளிது. ஃபேனைப் போட்டு, அறையை விட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி 20 நிமிடம் பதிவெடுங்கள். அதில் துடிப்பு என்று ஏதேனும் எண் வந்தால், அந்த இடத்தில் அந்த மாட்யூலின் எண்களை நம்ப முடியாது. ஃபேனை ஒவ்வொரு வேகத்திலும் வைத்துத் திரும்பச் செய்யுங்கள். மார்புக்கு நேராக, 1.5 மீட்டருக்குள், ஃபேன் பார்வைக்கோணத்தில் வராதபடி பக்கவாட்டில் வைத்தால் பெரும்பாலும் சரியாகும். மேற்கூரையில் மாட்டினால் சரியாவது அரிது.

80 சதவீதம் சரி என்றால் எத்தனை பொய் எச்சரிக்கை?

மணிக்கட்டு சென்சாரையும் மார்புப் பட்டையையும் வைத்து 15 பேரிடம் எடுத்து 2018இல் வெளியான வெசாட் தொகுப்பில், 'அழுத்தம் உண்டு / இல்லை' என்ற இரு வகைப் பிரிப்பு 93 சதவீதம் வரை போனது. ஆய்வகத்தில் மனக்கணக்கு போடவைத்து, ஆட்கள் முன் பேசவைத்து உண்டாக்கிய அழுத்தம் அது. வீட்டில் நிலைமை மாறும். கொஞ்சம் இறக்கி 80 என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

விழித்திருக்கும் 16 மணி நேரத்தை 5 நிமிடத் துண்டுகளாக்கினால் 192 துண்டுகள். அவற்றில் 10 துண்டுகளில் மட்டும் ஆள் உண்மையிலேயே அழுத்தத்தில் இருக்கிறார் என்று கொள்வோம்.

1. உண்மையான 10இல் 80 சதவீதம், அதாவது 8 பிடிபடும்.
2. மீதி 182இல் 20 சதவீதம், அதாவது சுமார் 36 தவறாக அழுத்தம் என்று குறிக்கப்படும்.
3. ஆக ஒரு நாளில் 44 எச்சரிக்கைகள். அதில் உண்மை 8. ஏறக்குறைய ஆறில் ஐந்து பொய்.

'தொடர்ந்து மூன்று துண்டுகள் அழுத்தம் என்று வந்தால்தான் ஏற்பேன்' என்று விதி வைக்கலாமே என்று தோன்றும். பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால் பொய் எச்சரிக்கை 0.2 × 0.2 × 0.2, அதாவது 0.8 சதவீதமாகச் சுருங்கும். நடைமுறையில் பிழைகள் கூட்டமாகவே வரும். காய்ச்சலோ, இரண்டாவது டம்ளர் காப்பியோ, படியேறி வந்த களைப்போ 15 நிமிடமும் நீடிக்கும். விதி உதவும், ஆனால் கணக்கு சொல்லும் அளவுக்கு அல்ல.

பழைய வீடு ஒன்று சொல்லிக்கொடுத்தது

1990களில் கொலராடோ மாநிலம் போல்டரில் கணினி ஆய்வாளர் மைக்கேல் மோசர் தன் வீட்டையே நரம்பு வலையமைப்பு என்ற மென்பொருள் முறையால் இயங்கும்படி அமைத்தார். விளக்கையும் சூடேற்றத்தையும் அது தானே கற்றுக்கொண்டு இயக்கியது. மனநிலை பற்றி அதற்கு எந்த அறிவும் கிடையாது. இரண்டு செலவுகளைக் குறைப்பதுதான் அதன் வேலை: மின்சாரம் ஒன்று, குடியிருப்பவரின் அசௌகரியம் இன்னொன்று. அசௌகரியத்தை எப்படி அளந்தது? வீடு வைத்த அமைப்பை ஆள் கையால் மாற்றினால், அது பிடிக்கவில்லை என்று கணக்கு வைத்துக்கொண்டது.

மணிக்கட்டுப் பட்டையால் எட்ட முடியாத இனிமை–கசப்பு அச்சை அந்த வீடு இப்படிச் சுவரிலிருந்தே படித்தது. ஸ்மார்ட் வீட்டில் இன்றும் மிக நம்பகமான உணர்ச்சி சென்சார் சுவிட்ச்தான் என்பது என் கருத்து. உடல் சென்சார் 'ஏதோ மாறியிருக்கிறது' என்று சொல்லட்டும். பிடித்ததா இல்லையா என்பதை விரல் சொல்லட்டும்.

இதை வைத்து, ஹோம் அசிஸ்டன்ட் போன்ற வீட்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளில் அமைக்கக்கூடிய ஒரு முறை:

1. 14 நாட்கள் வெறுமனே பதிவு மட்டும். எந்தச் செயலும் வேண்டாம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த ஆளின் துடிப்பின் இடைநிலை மதிப்பையும் (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது), அதிலிருந்து வழக்கமாக விலகும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டியது அவரை அவருடனேயே. ஊர் சராசரியுடன் அல்ல.
2. கடந்த 10 நிமிடம் உடல் அசைவு இல்லாமல் இருந்தால் மட்டும் எண்ணைக் கணக்கில் எடுங்கள். சமையல், மாடிப்படி, வீடு பெருக்குதல் எல்லாம் இதிலேயே வடிகட்டப்படும்.
3. துடிப்பு வழக்க விலகலைப்போல மூன்று மடங்கு தாண்டினால் 'மாற்றம்' என்று குறியுங்கள். கோபம், கவலை என்று பெயர் சூட்டாதீர்கள்.
4. திரும்பப் பெறக்கூடிய செயல் மட்டும். விளக்கு 60 நொடியில் மெதுவாக 2700 கெல்வின் மஞ்சளுக்கு இறங்கலாம். செய்தி அனுப்புவது, கதவைப் பூட்டுவது, 'ஏன் வருத்தமாக இருக்கிறீர்கள்?' என்று ஸ்பீக்கர் கேட்பது ஆகியவை கூடாது. கடைசியில் சொன்னது வருத்தமில்லாதவரையும் வருத்தும்.
5. ஒரு மாலைக்கு இரண்டு முறைக்கு மேல் செயல் வேண்டாம்.
6. 10 நிமிடத்துக்குள் ஆள் அதைக் கையால் மாற்றினால் பிழை என்று குறியுங்கள். மூன்று பிழை சேர்ந்தால் விதி ஒரு வாரம் தானே ஓய்வெடுக்கட்டும்.

பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. துடிப்பு உச்சத்தில் இருக்கும்போது விளக்கு மங்குகிறது. கால் மணி நேரத்தில் துடிப்பு இறங்குகிறது. செயலி 'உங்களை அமைதிப்படுத்தினேன்' என்று பச்சைக் குறி போடும். உச்சத்துக்குப் போன துடிப்பு விளக்கு மங்காவிட்டாலும் இறங்கத்தான் செய்யும்.

மாற்றம் குறிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மென்பொருளை நாணயம் சுண்டவிடுங்கள். தலை விழுந்தால் விளக்கு மங்கட்டும், பூ விழுந்தால் ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும். இரண்டிலும் 15 நிமிடம் கழித்துத் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் முப்பது நாற்பது நிகழ்வு சேர்ந்த பின்னும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த விதியை அழித்துவிடலாம். ஹோம் அசிஸ்டன்டில் இது ஒரே ஒரு கூடுதல் நிபந்தனை. விற்பனைக்கு வரும் பொருட்கள் தங்கள் பலனை இப்படிச் சோதித்துக் காட்டியிருக்கின்றனவா என்று வாங்குமுன் கேட்டுப் பார்க்கலாம்.

சட்டம் எதுவரை வருகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் உணர்ச்சியை ஊகிக்கும் அமைப்புகளைத் தடைசெய்கிறது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. இந்தத் தடை 2025 பிப்ரவரி 2 முதல் நடப்பில் உள்ளது. வீடு அந்தப் பட்டியலில் இல்லை. களைப்பு, வலி போன்ற உடல்நிலைகளைக் கண்டறிவதையும் அந்தச் சட்டம் உணர்ச்சி அறிதலாகக் கொள்வதில்லை.

இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; நிறுவனங்களுக்கான பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடப்புக்கு வருபவை. பட்டையையும் மாட்யூலையும் விற்று, தரவைத் தன் சர்வருக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தை இது கட்டுப்படுத்தும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் நடத்தையைக் கண்காணிக்க நிறுவனங்களுக்குப் பொதுவாகத் தடை இருப்பதால், குழந்தை அறைக்கு என்று விற்கப்படும் மனநிலைக் கருவிகள் சட்டச் சிக்கலில் மாட்டக்கூடியவை. ஆனால் ஒரு தனிமனிதர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதை இந்தச் சட்டம் தொடுவதில்லை.

அதாவது கணவர் மனைவியின் துடிப்பு வரைபடத்தை அலுவலகத்திலிருந்து பார்ப்பதும், வீட்டுவேலைக்கு வரும் அம்மா எந்த அறையில் எப்படி மூச்சு விட்டார் என்று பதிவாவதும் இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே. கேமரா என்றால் கண்ணில் படும். ரேடார் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. எனவே அமைப்பவர் செய்ய வேண்டியவை சில உண்டு. கச்சாத் தரவு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. நாணயச் சோதனையின் மொத்தக் கணக்கையும் பிழை எண்ணிக்கையையும் தவிர, 'மாற்றம்' குறிகள் 24 மணி நேரத்தில் தானே அழிய வேண்டும். வாராந்திர வரைபடம் தேவையில்லை, விதி இயங்க இடைநிலை மதிப்பும் வழக்க விலகலும் மட்டும் போதும். டப்பாவின் மேல் அது என்ன அளக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதி ஒட்ட வேண்டும். ரேடாரின் எண்களைப் படித்து அனுப்பும் சிறு கணினிப் பலகையான இஎஸ்பி32க்கும் ரேடாருக்கும் போகும் 5 வோல்ட் வயரில் ஒரு சாதாரண ஆன்–ஆஃப் சுவிட்ச் வைக்க வேண்டும், ஹாலில் எல்லார் கைக்கும் எட்டும் உயரத்தில். செயலிக்குள் இருக்கும் 'ஆஃப்' பொத்தான் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவருக்கு மட்டும்தான்.